மத்தியும் மாகாணமும்

சென்ற தவணையிலே ஒரு நாள், ஆசிரியர் ஒருவர் விடுப்பில் நின்றமையால், பத்தாந் தரத்துக் குடியியற் கல்வி வகுப்பை அதிபராகிய நானே ஏற்க நேர்ந்தது. அரசாங்கம் மக்களுக்கு ஆற்றும் பணிகளைக் கரும்பலகையில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், எங்கட பள்ளிக்கூடம் கொழும்புக்குச் சொந்தமோ, கைதடிக்குச் சொந்தமோ?" என்று கேட்டான். வடக்கு மாகாண சபைக்குக் கட்டடம் எழுந்த ஊர் கைதடி என்பதை நேயர்கள் அறிவீர்கள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளாக அரசாங்கப் பாடசாலைகளிற் பணிபுரிந்தும் அந்த வினாவை நான் ஒருபோதும் அத்துணை நேராகக் கேட்டதில்லை.

அவன் கேட்டதிலே நியாயம் இருந்தது. பாடசாலைப் பெயர்ப்பலகையிலே மாகாணத்தின் பெயர் நிற்கிறது. கையிலுள்ள பாடநூல் கொழும்பிலுள்ள கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தினது. பொதுப் பரீட்சைத் தாளும் கொழும்பிலிருந்தே வருகிறது. ஆசிரியர் இடமாற்றக் கடிதம் வலயக் கல்விப் பணிமனை வழியாக மாகாணத்திலிருந்து வருகிறது. அதிபராகிய நானோ இலங்கை அதிபர் சேவை என்னும் நாடளாவிய சேவையைச் சார்ந்தவன். ஒரே வளவுக்குள் இரண்டு அரசாங்கங்கள் நடமாடுகின்றன. இந்த இரண்டும் எங்ஙனம் வந்து சேர்ந்தன, அவற்றுக்கிடையே அதிகாரம் எங்ஙனம் பங்கிடப்பட்டது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஒரு நாட்டின் அரசியலமைப்பு அதிகாரத்தைப் பங்கிடும்போது, பாதுகாப்பு, வெளிநாட்டுறவு, நாணயம் ஆகியவற்றை மத்திக்கும், கல்வி, விவசாயம், சுகாதாரம் போன்றவற்றை உறுப்பு அரசுகளுக்கும் ஒதுக்குவது உலக வழக்கம். இதிலே அறிஞரிடையே பெரிய கருத்து மாறுபாடு இல்லை. மாறுபாடு எழுவது வேறு இடங்களில். எந்த நிரலிலும் எழுதப்படாத மிச்ச அதிகாரம் யாருக்கு? பணம் யார் கையில்? பங்கிட்டதைத் திருப்பி எடுக்க யாருக்கு உரிமை உண்டு? அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 1791ஆம் ஆண்டின் பத்தாந் திருத்தம் மிச்ச அதிகாரத்தை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியதாக்கிற்று. 1867இல் உருவான கனடாவிலே அது மத்திக்குரியதாயிற்று; ஆயினும் இலண்டன் பிரிவிக் கவுன்சில் நீதிபதிகள் வழங்கிய தீர்ப்புகளால் அங்கே மாகாணங்களின் கை நாளடைவில் வலுப்பெற்றது. எழுதினவர்களின் எண்ணத்தைக் காட்டிலும், பின்னர் வாசித்தவர்களின் எண்ணம் சிலவேளைகளில் வலியது.

எங்கள் தீவிலே மாகாணம் என்ற சொல்லுக்கு நெடிய வரலாறு உண்டு. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயர் வசமாயிற்று. கண்டி இராச்சியம் 1815வரை தனித்து நின்றது. பிரித்தானியர் 1833இல், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரைப்படி, தீவு முழுவதையும் ஒரே ஆட்சியின் கீழ்க் கொணர்ந்து ஐந்து மாகாணங்களாக வகுத்தனர். 1889 அளவில் அவை ஒன்பதாயின. அந்த மாகாணங்கள் கொழும்பின் கைகளாக அமைந்தனவேயன்றித் தமக்கென மூளை உடையனவாக அமையவில்லை. கச்சேரியிலிருந்த அரசாங்க அதிபர் தேசாதிபதிக்கே பொறுப்பாளி. டைக் என்னும் துரை 1829 முதல் 1867 வரை, இடையிற் சிறிது காலம் நீங்கலாக, வட மாகாணத்தை ஒரு சிற்றரசர் போல் ஆண்டார். அவரை மக்கள் அஞ்சினர், மதித்தனர். ஆனால் தெரிந்தெடுத்தவர் எவருமிலர். இந்தக் கச்சேரி மரபை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னால் அது மீண்டும் வரும்.

இனி 1926ஆம் ஆண்டுக்கு வருவோம். ஒக்ஸ்போட்டிற் பயின்று முந்திய ஆண்டே நாடு திரும்பியிருந்த இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர், அவ்வாண்டு யூலை மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து மாணவர் காங்கிரஸ் கூட்டத்திற் பேசினார். இலங்கையின் அரசியற் சிக்கலுக்குச் சமஷ்டி ஆட்சியே தீர்வு என்பது அவர் பேச்சின் சாரம். அதற்குச் சற்று முன்னரே கொழும்புப் பத்திரிகையொன்றில் அதே பொருள் பற்றிக் கட்டுரைத் தொடரும் எழுதியிருந்தார். அவர் பெயர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. மறு ஆண்டு டொனமூர் ஆணைக்குழு வந்தபொழுது, கண்டியத் தேசிய சபையார் தீவை மூன்று தன்னாட்சிப் பகுதிகளாக்கிச் சமஷ்டி அமைக்க வேண்டுமென்று விண்ணப்பித்தனர்.

அக்காலத்து யாழ்ப்பாணம் யாது செய்தது? இங்கேதான் வரலாறு தன் குறும்பைக் காட்டுகிறது. ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் நடத்திய காங்கிரஸ், தீவு முழுமைக்கும் பூரண சுயராச்சியம் வேண்டுமென நின்றது. டொனமூர் யாப்பு அதனைத் தரவில்லை என்று 1931இல் அரசாங்க சபைத் தேர்தலையே பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளும் 1934வரை வெறுமையாய்க் கிடந்தன. சமஷ்டியை அன்று கேட்டவர்கள் மலைநாட்டுச் சிங்களவர். எடுத்துரைத்தவர் தென்னிலங்கைச் சிங்களவர். பிற்காலத்திலே சமஷ்டி என்ற சொல்லைத் தமிழரின் தனிச்சொத்தென்றும், நாட்டைப் பிரிக்கும் சூழ்ச்சியென்றும் பேசியவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1905 முதல் இரண்டாண்டுக்கு மேல் யாழ்ப்பாணத்தில் பிரித்தானிய உத்தியோகத்தராய் இருந்த லெனாட் வூல்ஃப் என்பாரும், 1938இல் தொழிற்கட்சிக்கு எழுதிய குறிப்பொன்றிலே, சுவிற்சர்லாந்தைப் போன்ற சமஷ்டி முறையை இலங்கைக்கு ஆராயலாம் என்று சொல்லியிருந்தார்.

சுதந்திரத்துக்கு வழிவகுத்த சோல்பரி யாப்பு அதிகாரத்தைப் பிரதேசவாரியாகப் பங்கிடவில்லை. 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் காப்பாயிருக்குமென நம்பப்பட்டது. அந்தக் காப்பு எவ்வளவு மெல்லியது என்பது, மலையகத் தமிழரின் குடியுரிமை 1948இல் பறிபோனபொழுதே தெரிந்துவிட்டது. 1949 டிசம்பரில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிச் சமஷ்டியைக் கோரிக்கையாக முன்வைத்தார்.

1957 யூலை 26ஆம் திகதி, முன்னர் யாழ்ப்பாணத்திலே சமஷ்டி பேசிய அதே பண்டாரநாயக்க, இப்பொழுது பிரதமராக, செல்வநாயகத்தோடு ஓர் உடன்படிக்கை செய்தார். வட மாகாணம் ஒரு பிரதேச சபையாகும். கிழக்கு ஒன்றோ பலவோ ஆகும். விவசாயம், கூட்டுறவு, காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி ஆகியன சபைகளுக்குரியன. வரி விதிக்கவும் கடன் பெறவும் இடமுண்டு. சமஷ்டி என்ற சொல் அதில் இல்லை. சொல்லை விட்டுக்கொடுத்துப் பொருளிற் சிறிதைப் பெறுவதே செல்வநாயகத்தின் நோக்கமாயிருந்தது. மறு ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், பிக்குமார் சிலர் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்து எதிர்த்தபின், உடன்படிக்கை கைவிடப்பட்டது. 1965 மார்ச்சில் டட்லி சேனாநாயக்கவோடு செய்த உடன்படிக்கையும் நிறைவேறவில்லை. 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு, இலங்கை ஓர் ஒற்றையாட்சி அரசு என்பதை வெளிப்படையாகவே எழுதிற்று. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவும் அதனோடு மறைந்தது. 1978ஆம் ஆண்டு யாப்பும் ஒற்றையாட்சியை இரண்டாம் உறுப்புரையில் வைத்தது.

1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவற்றின் அதிகாரத்தை விரிப்பதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தார்க்கு அந்தத் தேர்தல் நினைவிருப்பது வேறொன்றினால். வாக்களிப்புக்குச் சில நாள் முன்னர், மே மாத இறுதி இரவிலே, எங்கள் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின.

இனி, 1983ஆம் ஆண்டின் கொடுமைகளும் அதன்பின் மூண்ட போரும் இடையே நிற்க, 1987 யூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன் பயனாக அவ்வாண்டு நவம்பரில் பதின்மூன்றாந் திருத்தம் நிறைவேறிற்று. இதற்கு முன்மாதிரி பாக்கு நீரிணைக்கு அப்பால் இருந்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் மூன்று பட்டியல் முறையைக் கொண்டு வந்தது. 1950இல் இந்திய யாப்பு அதனை ஏற்று, மத்திக்கு 97, மாநிலங்களுக்கு 66, பொதுப்பட்டியலுக்கு 47 விடயங்களை வகுத்தது. நம் திருத்தமும் ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்களை அமைத்தது. மாகாண சபை நிரலில் 37 விடயங்கள். ஒதுக்கிய நிரல் மத்திக்கு. ஒருங்கியை நிரல் இரு தரப்பாருக்கும் பொது.

நிரல்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் மாகாணத்தின் பங்கு அற்பமென்று தோன்றாது. பொலிசும் உண்டு, காணியும் உண்டு, கல்வியும் உண்டு. ஆயின் எங்கள் குடாநாட்டார் காணி உறுதி வாசிக்கத் தெரிந்தவர்கள். பரப்புக்கணக்கைப் பார்த்து எவரும் திருப்திப்படுவதில்லை. "கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு" என்ற சொற்கள் உறுதியில் இருக்கின்றனவா என்றே முதலிற் பார்ப்பார்கள். பத்துப் பரப்புத் தோட்டம் இருந்தென்ன, பங்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் வர வாய்க்கால் இல்லையென்றால் புகையிலையும் இல்லை, வெங்காயமும் இல்லை. பதின்மூன்றாந் திருத்தத்தையும் அப்படியே வாசித்தல் வேண்டும்.

முதலாவது, ஒதுக்கிய நிரலின் தலைப்பிலேயே எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை மத்திக்குரியது என்று எழுதப்பட்டிருக்கிறது. மற்ற இரு நிரல்களிலும் இல்லாத மிச்சமும் மத்திக்கே. ஆகவே 37 விடயங்களில் எதனையும், தேசியக் கொள்கை என்ற வாயிலால் மத்தி அணுகலாம். அடுத்து, மாகாண சபை ஒரு நியதிச்சட்டத்தை நிறைவேற்றினால் அதற்கு ஆளுநரின் சம்மதம் வேண்டும்; ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. அடுத்து, திரும்பப் பெறுதல். மாகாண நிரலிலுள்ள ஒரு விடயம்பற்றிப் பாராளுமன்றம் சட்டம் இயற்றுமுன், மசோதாவை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். நல்ல காப்புத்தான். ஆயினும் சபைகள் உடன்படாவிட்டாலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அது சட்டமாகலாம். இந்தியாவிலே பட்டியலை மாற்றப் பாராளுமன்றப் பெரும்பான்மை போதாது. மாநிலச் சட்டசபைகளிற் பாதியாவது ஏற்க வேண்டும்.

அந்தத் திருத்தம் ஒற்றையாட்சிக்கு முரணோ என்று உயர் நீதிமன்றத்திலே ஒன்பது நீதியரசர்கள் ஆராய்ந்தபொழுது கருத்துகள் மிக நெருக்கமாகப் பிரிந்தன. பிரதம நீதியரசர் சர்வானந்தா உள்ளிட்டோர், மாகாண சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவையே, ஆகவே ஒற்றையாட்சிக்கு ஊறில்லை என்றனர். திருத்தம் உயிர் தப்பியது அந்தக் காரணத்தினாலேதான். அதன் வலுவின்மைக்கும் அதே காரணம்தான்.

இது வெறும் சட்ட நுணுக்கமன்று என்பதைக் காட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். 2012இல் திவிநெகும என்னும் மசோதா வந்தது. மாகாண நிரலிலுள்ள விடயங்களை அது தொடுவதால் எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்ப வேண்டுமென உயர் நீதிமன்றம் கூறிற்று. வடக்கிலே அப்பொழுது சபையே இல்லை. ஆளுநர் சம்மதம் தெரிவித்தார். சபைக்குப் பதிலாக ஆளுநர் பேச முடியாது என்று நீதிமன்றம் தீர்த்தது. அடுத்த ஆண்டு சனவரியில் மசோதா மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் நிறைவேறியது.

சபையே இல்லை என்றேன். இதனைச் சற்று விரித்தல் தகும். இணைந்த வடகிழக்கு மாகாண சபை 1988 நவம்பரிலே தெரிவாகி 1990இல் முடிவுற்றது. இணைப்பு முறையற்றதென்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. வடக்குக்குத் தனியாக முதற்றேர்தல் 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்தது. 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. எல்லை வகுப்புச் சட்டத்தின் சிக்கலைக் காட்டி, அதன்பின் ஆண்டுக்கணக்காக எந்த மாகாணத்திலும் தேர்தல் வைக்கப்படவில்லை. கூட்டிப் பார்த்தால், அதிகாரம் எழுத்திற் பங்கிடப்பட்டு மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாகியும், வடக்கில் மக்கள் தெரிந்த சபை இருந்த காலம் ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளே.

காணியை எடுத்துக்கொள்வோம். நிரல் மாகாணத்துக்கென்கிறது. பின்னிணைப்போ அரச காணி குடியரசின் உடைமையென்றும், தேசிய காணி ஆணைக்குழுவொன்று அமைய வேண்டுமென்றும் சொல்கிறது. அவ்வாணைக்குழு பல பத்தாண்டுகள் சென்றும் அமைக்கப்படவில்லை. 2013 செப்டெம்பர் 26ஆம் திகதி, வட மாகாணத் தேர்தல் முடிந்து ஐந்தாம் நாள், மத்திய மாகாணத்துக் காணி வழக்கொன்றில், அரச காணி மத்தியினதே என்றும், மத்தி விட்டுக்கொடுக்கும் அளவிலேயே மாகாணத்துக்கு உரிமை என்றும் உயர் நீதிமன்றம் தீர்த்தது. போருக்குப் பின் தம் வளவுக்குத் திரும்பக் காத்திருந்த வலிகாமம் வடக்கு மக்கள் யாரிடம் முறையிடுவதென்று அலைந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கச்சேரி மரபு மீண்டும் வரும் என்று சொன்னேன் அல்லவா? 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் அரசாங்க அதிபரின் அதிகாரங்களைப் பிரதேச செயலாளர்களுக்கு மாற்றிற்று. அவர்களும் மத்தியின் உத்தியோகத்தரே. காணிக் கச்சேரிக்குப் போகிற விவசாயி மாகாணத்தைக் காண்பதில்லை.

பணத்தின் கதை சுருக்கமானது. மாகாணங்களுக்குப் பெரும் வருவாயாயிருந்த புரள்வு வரி 2011 முதல் நீக்கப்பட்டது. பதிலாக மத்தி திரட்டும் வரியிற் பங்கு வழங்கப்பட்டது. மிகுதி திறைசேரியின் கையில். தண்ணீரைத் தானே இறைப்பவனுக்கும், பக்கத்து வளவார் திறந்துவிடும் நேரத்துக்குக் காத்திருப்பவனுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

கல்விக்கு வருகிறேன், எனக்குத் தெரிந்த தோட்டம் அதுவே. மூன்றாம் பின்னிணைப்பின்படி, குறித்துரைக்கப்பட்ட பாடசாலைகள் நீங்கலாக ஏனைய அரச பாடசாலைகள் மாகாணத்துக்குரியன. குறித்துரைக்கப்பட்டவை என்பவற்றுள் முதன்மையானவை தேசிய பாடசாலைகள். தொடக்கத்திற் சிலவாயிருந்த இவை காலப்போக்கில் முந்நூற்றுக்கு மேற்பட்டன. ஆயிரமாக்கும் திட்டமொன்றும் பின்னர் அறிவிக்கப்பட்டது. நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், பாடசாலையின் பெயர்ப்பலகையை மாற்றினாற் போதும். அது மாகாணத்தை விட்டு நீங்கிவிடும். இதற்கு மத்தியை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. எங்கள் பெற்றோரும் பழைய மாணவருமே தம் பாடசாலை தேசிய பாடசாலையாக வேண்டுமென மனுக்கொடுக்கின்றனர். நிதியும் கட்டடமும் அங்கே கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். அவர்களைக் கடிந்துகொள்ளவும் என்னால் இயலவில்லை. கூரை ஒழுகும் வகுப்பறைக்கு ஓடு வேண்டி ஒரு கடிதத்தை மூன்று பணிமனைகளுக்கு அனுப்பி, மூன்றிடத்திலும் இது எங்கள் பொறுப்பன்று என்ற விடையைப் பெற்றவன் நான். இரண்டு மாரி கழிந்தபின் பழைய மாணவரே ஓடு போட்டுத் தந்தனர்.

இந்தியாவிலும் கல்வி இடம் பெயர்ந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டின் நாற்பத்திரண்டாந் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றிற்று. அன்று பெரிதாகத் தோன்றாத அந்த மாற்றத்தின் விளைவைத் தமிழ்நாட்டு மாணவர்கள் நாற்பதாண்டு கழித்து, மருத்துவக் கல்விக்கான பொது நுழைவுத் தேர்விலே கண்டனர். ஆயினும் அங்கே ஒரு வேற்றுமை உண்டு. சட்டசபை ஒன்று இருக்கிறது; அது எதிர்ப்பைத் தீர்மானமாக எழுதுகிறது; முதலமைச்சர் பேசுகிறார். ஒன்றை இழந்தாலும் அதைச் சொல்ல வாய் இருக்கிறது.

அன்று வகுப்பிலே அந்த மாணவனுக்கு இவ்வளவையும் சொல்ல நேரம் இருக்கவில்லை. பாடநூலும் பரீட்சையும் கொழும்பினுடையன, கட்டடமும் ஆசிரியர் இடமாற்றமும் மாகாணத்தினுடையன, நிலம் குடியரசினுடையது, ஓடு பழைய மாணவருடையது என்றேன். மறுபடியும் வகுப்புச் சிரித்தது. அவன் மட்டும் உட்காரவில்லை. "சபை இல்லாத நேரத்திலை மாகாணம் எண்டா ஆர் சேர்?" என்றான். ஆளுநர் என்றேன். "அவரை ஆர் போடுறது?" என்றான். அதற்கும் விடை சொன்னேன். கொப்பியிலே மாகாணம் என்று எழுதி, அதற்கு நேரே ஆளுநர் என்றும், அதற்கும் நேரே சனாதிபதி என்றும் எழுதிக்கொண்டு உட்கார்ந்தான். மணி அடித்தது.